வலது கணுக்காலைப் பற்றி உனக்குச் சொல்லாமல் விட்டது

கண்ணு,

இங்கே உன் அம்மா, மாமன், மாடு கன்று எல்லாம் நல்லபடி. மழை பரவாயில்லை, சாமை விதைத்தாகிவிட்டது. வீட்டுச் சமாசாரம் இவ்வளவுதான். மிச்சக் காகிதம் முழுக்க உன் வலது காலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், அதனால் வேலை இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி. உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. மறுநாளே பதில் போடுகிற ஆள் இத்தனை நாள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று யோசித்திருப்பாய். மூன்று தடவை எழுதினேன், மூன்றையும் அடுப்பில் போட்டேன். ஐந்தாவதில் இரண்டு தரம் உட்கார்ந்து இரண்டு தரமும் பெயிலாகி எழுந்து வந்தவன், கப்பல் படையில் முக்குளிக்கப் படிக்கிற மகனுக்கு, தண்ணீரில் எப்படிக் காலை உதைக்கவேண்டும் என்று எழுதினால் எப்படி இருக்கும். எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகும் உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். அதனால் நாலாவது தடவை எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு நான்தானே படித்துக் காட்டுகிறேன். தமாசாக இருந்ததை எல்லாம் சத்தமாகப் படித்தேன். முக்குளிக்கச் சொல்லித்தருகிற உங்கள் உஸ்தாத் உன்னைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தி, கடலுக்கு அடியில் சைக்கிள் மிதிக்கிறாயா இல்லை உன் ஊர் மலையை ஏறுகிறாயா என்று கேட்டாராம். முட்டியை மடக்கி மடக்கி மிதிக்காதே, இடுப்பிலிருந்து உதை, கால் நீளமாகப் போய் நீளமாக வரட்டும், விரல் பின்பக்கம் பார்த்து நீண்டிருக்கட்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, இடது கால் கேட்கிறதாம், வலது கால் மட்டும் முரட்டு மாடு மாதிரி திருப்பிக்கொள்கிறதாம். அம்மா சிரித்தாள். காலில் மாட்டுகிற துடுப்பை, ஃபின் என்கிறாயே அதை, படம் போட்டு அனுப்பியிருந்தாய். அதையும் காட்டினேன். ஸ்டோரில் இரண்டு தினுசு இருக்கிறதாம். ஒன்று நீளம், கறுப்பு ரப்பர், வளைத்தால் வளையாத விறைப்பு, குதிகாலில் வாரை இழுத்து இறுக்கவேண்டும். இன்னொன்று குட்டை, இளக்கம், சப்பாத்து மாதிரி காலை முழுக்க நுழைத்துக்கொள்ளலாம். இளக்கமானதை எடுத்தவனைக் குளத்து வாத்து என்று மற்றவர்கள் கூப்பிடுகிறார்கள், அதனால் நீயும் விறைப்பானதையே எடுத்துவிட்டாய். மலைக்காரன் காலென்றால் பாறை என்று பேர் வாங்கவேண்டாமா என்று எழுதியிருந்தாய்.

அங்கே நிறுத்தி, கடிதத்தை மடித்தேன். அம்மா விடவில்லை.

"நாலு பக்கம் எழுதிகீறான். ரெண்டு பக்கம்தானே படிச்சே. மிச்சம் இன்னா?"

"மிச்சம் விலாசம்."

"ரெண்டு பக்கத்துக்கு விலாசமா?"

நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். அந்த இரண்டு பக்கத்தில் நீ என்ன எழுதினாய் என்று உனக்கே மறந்திருக்கும், எனக்கு மனப்பாடம். ஆழத்துக்குப் போனால் வலது கெண்டைக்கால் சுருண்டு கல்லாகிவிடுகிறது. மற்றவர்கள் சிலிண்டரில் இன்னும் காற்று இருக்கும்போதே உன் சிலிண்டர் காலியாகிவிடுகிறது. மலைக் காற்று குடித்து வளர்ந்தவன், அதனால் ஜாஸ்தி குடிக்கிறேன் என்று அதற்கும் ஒரு தமாசு. உஸ்தாதிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, சொன்னால் வகுப்பிலிருந்து எடுத்துக் கப்பலுக்கே திருப்பி அனுப்பிவிடுவார். அடுத்த மாதக் கடைசியில் நடுக்கடலில் பரீட்சை, அது வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போனால் போதும். இப்படி எழுதியிருந்தாய். பல்லைக் கடித்தால் கால் வலி போகலாம். சிலிண்டரில் காற்று வராது, கண்ணு.

உனக்குக் காற்று ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி இருந்தது, ஆனால் நிச்சயமாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் உனக்கு எழுதவும் முடியவில்லை. என்ன செய்தேன் என்று சொல்கிறேன், கூட முக்குளிக்கிற உன் ஜோடிக்காரனிடம் சொல்லிச் சிரித்துக்கொள். அந்த வாரம் வாணியம்பாடிக்குக் கடுக்காய் மூட்டை கொண்டுபோகவேண்டியிருந்தது. தோல் மண்டியில் மூட்டையை இறக்கியதும் நீ போட்ட துடுப்புப் படத்தை எடுத்து மண்டிக்கார பாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"இன்னா மலைக்காரா இது, வாத்துக் காலா?"

"என் மகன் காலு பாய். தண்ணிக்குள்ள மாட்டிக்கிறது. இதே மாதிரி எனக்கு ஒரு ஜோடி வேணும்."

"உனுக்கா? இந்த வயசுல எங்க போகப் போறே?"

விசயத்தைச் சொன்னேன். மனுசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, செருப்பு அடிப்பாகத்துக்குப் போடுகிற கெட்டித் தோலில் வெட்டுத்துண்டு இரண்டு எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே சொன்னார்: "தோலுக்கும் தண்ணிக்கும் ஆகாதுப்பா. ஊறிச்சின்னா கூழு. டயர்ல பண்ணு." நான் கேட்கவில்லை. எத்தனை வருசமாக மலையிலிருந்து கடுக்காய் இறக்குகிறேன், என் கடுக்காயில் பதம்போட்ட தோல் எப்படிக் கெடும் என்று எனக்கு ஒரு திமிர். வீட்டில் உட்கார்ந்து படத்தில் இருந்தபடியே வெட்டித் தைத்து, பாரஸ்ட்காரர்கள் கட்டிய தடுப்பணைக்குப் போனேன். இறங்கும்போது பலகை மாதிரி இருந்தது. ஒரு பீடி குடிக்கிற நேரத்தில் ஊறின அப்பளம் ஆகிவிட்டது. உன் மாமன் கரையில் நின்று, "மச்சான், செருப்பைக் கழட்டிட்டு அடுப்புல வாட்டு, தின்னலாம்" என்றான். மறுபடி மலை இறங்கி, கலசப்பாக்கம் சந்தையில் டயர் செருப்பு தைக்கிறவரிடம் உட்கார்ந்தேன். லாரி டயரில் ஒரு ஜோடி விறைப்பாக, ஜீப் டியூபை மூங்கில் குச்சியில் இழுத்துக் கட்டி ஒரு ஜோடி இளக்கமாக. அவர் வேலை செய்துகொண்டே, "இது எந்த ஊரு காலுங்க?" என்று கேட்டார். கடல் பக்கம் என்று சொல்லிவிட்டேன்.

துடுப்பு தயார். ஆனால் என் கால் உன் கால் இல்லையே. என் கணுக்கால் நன்றாக நீளும், மடங்கும். உன் வலது பாதம் நீளாமல் எங்கே நிற்குமோ அங்கே என் பாதமும் நிற்கவேண்டும். அதனால் கணுக்காலைச் சுற்றி மூங்கில் பத்தை வைத்து, நீட்டவே முடியாதபடி துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இடுப்பில் தேன் எடுக்கிற கயிறு. கயிற்றின் மறுமுனை உன் மாமன் கையில். அம்மா கரைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"காலு ஒடைஞ்சா பத்தை கட்டுவாங்க மச்சான்," என்றான் உன் மாமன். "நீ மொதல்ல கட்டிக்கினு அப்புறம் ஒடைக்கப் போறியா?"

முதலில் லாரி டயர். நீச்சல் எனக்கு எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியும், முங்காமல் இருக்கத் தெரியும், அவ்வளவுதான். முகத்தைத் தண்ணீரில் வைத்து உதைத்தேன். இடது கால் நீண்டு போய்த் தண்ணீரைப் பின்னால் தள்ளியது. வலது கால் நீளாததால் துடுப்பு மண்வெட்டி மாதிரி செங்குத்தாக நின்றுவிட்டது, தண்ணீரைப் பின்னால் தள்ளாமல் கீழே இடித்தது. அதைச் சரிக்கட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா, யாரும் சொல்லாமலே முட்டியை மடக்கினேன். சைக்கிள். உன் உஸ்தாத் என்னையும் தூக்கி நிறுத்தியிருப்பார். ஆக முட்டியை மடக்குவது உன் மலைப் புத்தி இல்லை, கணுக்கால் செய்யாத வேலையை முட்டி எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு உதைத்தும் வலப்பக்கமாகவே வட்டம் சுற்றினேன், செக்கு மாடு மாதிரி. பத்து உதைக்குள் மூச்சு வாங்கியது. இன்னும் பத்து உதைத்ததும் கெண்டைக்கால் சுருண்டு கல்லானது. நீ எழுதியிருந்தாயே, அதே கல். தண்ணீர் என் மார்பு மட்டும்தான், கால் ஊன்றி நின்றிருக்கலாம். ஆனால் அந்த வலியில் ஊன்றத் தோன்றவில்லை, தண்ணீரைக் குடித்தேன். உன் மாமன் கயிற்றை இழுத்துக் கரையில் போட்டான். கரையில் கிடந்து இருமும்போது எனக்கு என் நினைப்பே இல்லை. மார்பளவுத் தண்ணீரிலேயே இப்படி என்றால், தலைக்குமேல் பனைமர உயரம் தண்ணீர் நிற்கும்போது என் பிள்ளை என்ன செய்வான் என்பதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து ஜீப் டியூபைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். வேகம் இல்லை. ஆனால் என் கணுக்கால் வளையாத இடத்தில் ரப்பர் வளைந்துகொடுத்தது. கால் இழுக்கவில்லை, மூச்சும் அவ்வளவு வாங்கவில்லை. சின்னதாக, நிதானமாக உதைத்தால் போகிறது. ஆவேசமாக உதைத்தால் அதுவும் போகவில்லை. அப்புறம் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், சேற்றுத் தரைக்கு மேலே போகும்போது தவளை மாதிரி உதைக்கச் சொல்லித் தருகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைச் செய்து பார்த்தேன். உள்ளங்கால் இரண்டையும் வெளிப்பக்கம் திருப்பி, அகட்டி, தண்ணீரை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டுவந்து சேர்த்து, சேர்த்தபின் சும்மா மிதந்துபோவது. இதற்குப் பாதம் நீளவே வேண்டியதில்லை. மடங்கி நிற்கிற பாதம்தான் வேண்டும். பத்தை கட்டிய என் வலது கால் ஏற்கெனவே அப்படித்தானே நிற்கிறது. நேராகப் போனேன் கண்ணு. வட்டம் அடிக்கவில்லை. சேறு கிளம்பவில்லை, கீழே கிடந்த கல் தெரிந்தது. எழுந்து, "நேராப் போனேனா?" என்று கேட்டேன். "கோணலாத்தான் போனே, ஆனா ஒரே கோணலா போனே," என்றான் உன் மாமன். அவன் வாயிலிருந்து அதற்குமேல் வராது.

கரைக்கு வந்ததும் அம்மா பத்தையை அவிழ்த்துவிட்டாள். துணி ஈரத்தில் இறுகி முடிச்சு வரவில்லை. குனிந்தபடியே சொன்னாள்: "இத்தினி வருசம் கழிச்சு உன் கால்ல கட்டிக்கினா அவன் காலு நேராயிடுமா? அவனுக்கு எழுது. எழுதலன்னா நான் டீச்சரம்மாகிட்ட போய் எழுத வெப்பேன்."

எதை எழுதச் சொன்னாள் என்பதை இப்போது சொல்லப்போகிறேன். முதல் மூன்று கடிதம் அடுப்புக்குப் போனது இந்த இடத்தில்தான்.

நீ பத்து வயதில் ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்தது உனக்கு நினைவிருக்கும். அடிவாரத்து எலும்பு வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நாற்பத்தைந்து நாள் பிரிக்கக்கூடாது என்றார். விழுந்த விதம் அப்படி, அதனால் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். அது பொய். இருபத்து மூன்றாம் நாள் நான்தான் பிரித்தேன். வைத்தியர் ஆள் விட்டார், பிரித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார் என்று உன்னிடம் சொன்னேனே, அப்படி யாரும் வரவில்லை.

மறுநாள் ஆஸ்டலில் பிள்ளைகளைச் சேர்க்கிற நாள். நம் மலையில் மூங்கிலில் போர்வை கட்டித் தூக்குகிற டோலியில் யார் போவார்கள் என்று உனக்குத் தெரியும். பிள்ளை வலி கண்டவள், பாம்பு கடித்தவன், பிழைப்பானா என்று சொல்லமுடியாதவன். டோலி இறங்கினால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நின்று யாருக்கு என்று கேட்பார்கள். உன்னைத் தூக்கிப்போக உன் மாமனும் இன்னும் மூன்று பேரும் மூங்கில் வெட்டித் தயாராக வைத்திருந்தார்கள். அம்மா போர்வையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். எனக்குத்தான் ஒப்பவில்லை. நம் ஊரில் முதல் முதலாக ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை, நோயாளி மாதிரி டோலியில் போய் இறங்குவதா என்று நினைத்தேன். வழியெல்லாம் யாருக்கு யாருக்கு என்று கேட்பார்களே, பள்ளிக்கூடத்துக்குப் போகிற காலுக்கு அது ஆகுமா என்று நினைத்தேன். கட்டோடு பார்த்தால் ஊனம் என்று வாத்தியார் திருப்பி அனுப்பிவிடுவார் என்றும் பயம். "டோலியில போனா இன்னா, அவன் படிக்கிறது காலாலயா?" என்று அம்மா கேட்டாள். நான் வெட்டுக்கத்தியை எடுத்துத் துணியை அறுத்தேன்.

பாதி வழி உன்னை முதுகில் சுமந்தேன். ஆஸ்டல் கூரை தெரிகிற திருப்பத்தில் இறக்கிவிட்டு, இங்கிருந்து நடடா என்றேன். நடந்தாய். கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. நடுவில் ஒரு தடவை நின்று, "நைனா, வைத்தியரு சரியாத்தான் சொன்னாரா?" என்று கேட்டாய். அவருக்குத் தெரியாதா என்றேன். நீ மறுபடி நடந்தாய். உள்ளே அந்த வாத்தியார் உன் காலைப் பார்க்கவே இல்லை. பேரைக் கேட்டார், வயதைக் கேட்டார், எழுதிக்கொண்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். டோலியில் வந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார். திரும்பி மலை ஏறும்போது அது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மறுநாள் வந்து உன் காலை மறுபடி கட்டவைக்கவில்லை. கட்டினால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடுமே.

அப்புறம் வேலூரில் கப்பல் படைக்கு ஆள் எடுத்தார்கள். பழைய அடி உண்டா என்று டாக்டர் கேட்டால் இல்லை என்று சொல்லு, நுனிக்காலில் நடக்கச் சொன்னால் பாரத்தை இடது பக்கம் போட்டுக்கொள் என்று பஸ்ஸிலேயே உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீ ஒரு தடவை என்னைப் பார்த்தாய். அப்புறம் உள்ளே போய் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாய். அது என் பொய், உன் வாயால் வந்தது, அவ்வளவுதான். அந்த வேலை கிடைத்ததில் எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சமில்லை. கப்பலில் துரு தட்டுவான், பெயின்ட் அடிப்பான், அதற்கு இந்தக் கால் போதும் என்று நினைத்தேன். நீ முக்குளிக்கப் பேர் கொடுப்பாய் என்று யாருக்குத் தெரியும். எல்லா வேலையையும் விட்டு, பாதத்தை நீட்டுகிற வேலையாகத் தேடிப் போய்ச் சேர்ந்திருக்கிறாய்.

கோபம் வந்தால் இங்கே கொஞ்சம் நிறுத்தி, கோபப்பட்டுவிட்டு, மேலே படி. நான் காத்திருக்கிறேன்.

பாறைத்தேன் எடுக்கும்போது கயிற்றைப் பிடிக்கிறவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்கவேண்டும், அக்கா தாலிமேல் அவனுக்குத்தான் அக்கறை என்று வைத்திருக்கிறார்கள், அது உனக்குத் தெரியும். ஆனால் நீ சின்ன வயதிலேயே படிக்கப் போய்விட்டதால் இன்னொன்று தெரியாது. இறங்குகிறவன் கயிற்றைக் கட்டுவதற்கு முன்னால், தன் உடம்பில் என்ன நோவு இருந்தாலும் கயிறு பிடிக்கிறவன் காதில் சொல்லிவிடவேண்டும். வயிற்றுப்போக்கு, கை சுளுக்கு, கட்டி, எதுவானாலும். பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கப்படுகிறதைக்கூடச் சொல்லவேண்டும். ஒரு வருசம் எனக்கு அக்குளில் கட்டி. சொன்னால் இந்த வருசம் நீ வேண்டாம் என்பார்களே என்று சொல்லாமல் இறங்கினேன். பாதியில் கை தூக்கமுடியவில்லை, தேனீ கொட்டுகிறது, மேலே கத்தவும் மூச்சில்லை. மேலே உன் மாமன் வழக்கம்போலக் கயிறு விட்டுக்கொண்டே இருந்தான், அவனுக்கு என்ன தெரியும். எப்படியோ இழுத்துப் போட்டார்கள். அவன் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. "சொல்லிருந்தா வேற மாதிரி வுட்டிருப்பேன்" என்று மட்டும் சொன்னான். வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டான் பார், வேறு மாதிரி விட்டிருப்பான்.

கடலுக்குள் உன் கயிறு உன் ஜோடிக்காரன், அந்தக் கோட்டயத்துப் பையன் கையில் இருக்கிறது. இரண்டிரண்டு பேராகத்தான் இறங்குவோம், ஒருத்தன் காற்று தீர்ந்தால் இன்னொருத்தன் கொடுப்பான் என்று எழுதியிருந்தாய். உன் காற்று முன்னாடியே தீரும் என்று அவனுக்குத் தெரியுமா? வலது கால் எந்த நேரமும் கல்லாகலாம் என்று தெரியுமா? தெரியாதவன் முன்னால் போய்க்கொண்டே இருப்பான், நீ பின்னால் நின்றுவிட்டிருப்பாய். எனக்கு இதுதான் கண்ணுக்குள் நிற்கிறது. வேறெதுவும் இல்லை. நீ தோற்றுத் திரும்பி வந்தால் சாமைக் காடு இருக்கிறது, கடுக்காய் இருக்கிறது, உன் மாமன் வாய் இருக்கிறது. அதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம்.

அதனால் கேட்கிறேன். உஸ்தாதிடம் போய்ச் சொல். கால் உடைந்ததையும் சொல், அப்பன் பிரித்ததையும் சொல், டாக்டரிடம் இல்லை என்று சொன்னதையும் சொல். அவர் ஆயிரம் காலைப் பார்த்திருப்பார். ஒருவேளை வேறு மாதிரி விடுவாராயிருக்கும். அந்த நீளத் துடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இளக்கமானதைக் கேள், வாத்து என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும். நீளத்தையே மாட்டவேண்டி வந்தால் வாரை நரம்பு மரத்துப்போகிற அளவு இறுக்காதே, பாதம் உள்ளே ஆடுகிற அளவு தளர்த்தியும் போடாதே. அவசரப்பட்டு உதைக்காதே, உதைக்கிற ஒவ்வொரு உதைக்கும் காற்றுதான் செலவு. கெண்டை சுருண்டால் நின்று, துடுப்பு நுனியைக் கையால் பிடித்து உன் பக்கம் இழு, நான் கரையில் அப்படித்தான் விடுவித்தேன். தவளை உதையைப் பழகு. இதெல்லாம் தடுப்பணையில் படித்த படிப்பு, கடலுக்குப் பொருந்துமா தெரியாது. பொருந்துமா என்று அவரிடமே கேள். தடுப்பணை கடல் இல்லை என்று எனக்குத் தெரியும் கண்ணு.

கடைசியாக ஒன்று. இந்த உறைக்குள் இன்னொரு உறை இருக்கிறது, பார். நம் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா இங்கிலீசில் எழுதிக்கொடுத்தார்கள், நான் சொல்லச்சொல்ல. உங்கள் ஆபீசருக்கு. நடந்ததெல்லாம் அதில் இருக்கிறது, தப்பு முழுக்க என்னுடையது என்றும் இருக்கிறது, கீழே என் கையெழுத்து. எழுதி முடித்துவிட்டு அவர்கள், "தம்பி இதைக் கொடுக்காம மறைச்சிட்டா இன்னா பண்ணுவீங்க? நேரா ஆபீசருக்கே போட்டுடுங்க ஐயா," என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஸ்டாம்ப் ஒட்டி, விலாசம் எழுதி, போஸ்டாபீஸ் வரைக்கும் நடந்தேன். பெட்டி வாயில் பாதி விட்டுவிட்டு மறுபடி வெளியே எடுத்தேன். உன் காலில் உன்னைக் கேட்காமல் ஒரு தடவை கை வைத்தவன் நான். இன்னொரு தடவை அப்படி வைக்க முடியவில்லை. போடாமல் விட்டதும் தப்பாகிவிடுமோ என்று இந்த வரி எழுதும்போதும் யோசிக்கிறேன்.

கொடுத்தால் கொடுத்தேன் என்றும், கிழித்தால் கிழித்தேன் என்றும் ஒரு கார்டு போடு. திட்டுவதானால் அதையும் அதிலேயே எழுது, கார்டில் இடம் இருக்கும். பரீட்சைக்கு முன்னால் வந்து சேருகிற மாதிரி போடு. போஸ்ட்மேன் மலைக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். நான் தினமும் போய் நிற்பேன்.

உன் நைனா